சிறப்பு விருந்தினர் இல்லாமல் ஒரு சிறுகதைப் பட்டறை நடத்துவது எப்படி

"நம்ம ஊர்ல ஒரு சிறுகதைப் பட்டறை வைக்கலாமே" என்று யாராவது ஆரம்பித்தால், அடுத்த பேச்சு "யாரைக் கூப்பிடலாம்?" என்பதாகத்தான் இருக்கும். பாதிப் பட்டறை அங்கேயே போய்விடுகிறது. பெரிய எழுத்தாளர் ஒருவர் வருவார். ஸ்டேஷனில் போய் அழைத்துவர வேண்டும், பொன்னாடை வாங்க வேண்டும், ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். அவர் ஒன்றரை மணி நேரம் நன்றாகவே பேசுவார். எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்வோம். வந்திருந்த கூட்டத்தில் ஒருத்தர்கூடத் தன் பைக்குள் மடித்து வைத்திருந்த நாலு பக்கத்தை வெளியே எடுத்திருக்க மாட்டார்.

நான் கோவில்பட்டிக்காரி. சிவகாசி அச்சகங்களுக்கு மெய்ப்பு, அதாவது புரூஃப், பார்ப்பது பிழைப்பு. கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், பள்ளிக்கூட நோட்ஸ், நாள்காட்டித் தாளின் பின்பக்க ராசிபலன் என்று எது வந்தாலும் பார்ப்பேன். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி ஒருவர் எழுதிய கதையை ஒருவர் படிக்கிறோம். அதை எப்படி நடத்துகிறோம் என்று அருப்புக்கோட்டையிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். அடிப்படை ஒன்றுதான். அன்றைக்கு இருக்கும் நேரத்தில் பெரும்பகுதி மேசைமேல் இருக்கும் வரைவுக்குப் போக வேண்டும். எத்தனை பேர், எந்த இடம், என்ன சாப்பாடு, யார் பேசுவது, யார் வாயைத் திறக்கக் கூடாது என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகும்.

ஆளும் இடமும்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1,500 சொல் உள்ள ஒரு கதையை நிதானமாகச் சத்தம் போட்டு வாசிக்கக் கால் மணி நேரம் ஆகும். குறிப்பு எழுத ஐந்து நிமிடம், பேச அரை மணி, எழுதியவர் திருப்பிக் கேட்கப் பத்து நிமிடம். ஆக ஒரு கதைக்கு ஒரு மணி நேரம். காலை பத்தரைக்கு ஆரம்பித்து நாலு மணிக்கு முடித்தால், சாப்பாடும் மற்ற வேலையும் போக மூன்று கதைதான் ஒழுங்காகப் பார்க்க முடியும். எட்டுப் பேர் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் முறை வரும். பத்துப் பேரைத் தாண்டினால் பாதிப் பேர் பார்வையாளர்களாகிவிடுவார்கள். "இன்னும் நாலு பேர் ஆசைப்படுறாங்க" என்று யாராவது சொன்னால், இன்னொரு குழு தொடங்கச் சொல்லுங்கள்.

சேர்ப்பதற்கு முன் இரண்டு பக்கம் வாங்கிப் படியுங்கள். கதையாக இருக்க வேண்டியதில்லை. பாட்டி வீட்டைப் பற்றி எழுதியிருக்கலாம், நேற்று பஸ்ஸில் கேட்ட சண்டையை எழுதியிருக்கலாம். நான் அதில் மொழி சுத்தத்தைப் பார்ப்பதில்லை, அது என் தொழில், பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்ணால் கண்ட ஏதாவது ஒன்று அதில் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன். கூடவே, கடைசியாக என்ன படித்தீர்கள் என்று கேட்பேன். எதுவுமே படிக்காமல் எழுத மட்டும் ஆசைப்படுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் கதை பேசப்படும்போது நிமிர்ந்து உட்காருவார்கள், அடுத்தவர் கதைக்குப் போனைப் பார்ப்பார்கள்.

எழுதவே எழுதாத, ஆனால் நிறையப் படிக்கிற ஒருவரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் ரயில்வே கேட்கீப்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டு ரயிலுக்கு நடுவில் படித்தே நூலகத்தில் பாதியை முடித்தவர். ஒரு வரி எழுதியதில்லை. "இந்த எடத்துல நான் தூங்கிட்டேன்" என்று அவர் சொன்னால் அதற்கு அப்பீல் கிடையாது. மற்றபடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஒரு தம்பி, கல்லூரி மாணவி ஒருத்தி, இரண்டு இல்லத்தரசிகள், ஒரு மெடிக்கல் ரெப். எல்லோரும் ஒரே மாதிரி ஆளாக, உதாரணமாக எல்லோரும் ஆசிரியர்களாகவே, இருந்தால் கதைகளும் ஒரே மாதிரி வர ஆரம்பித்துவிடும்.

இடத்துக்கு அரசு நூலகம் நல்லது. பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கும், சில ஊர்களில் பெயரளவில்தான். அதன் தலைவரையும் நூலகரையும் பார்த்து, வாசகர் வட்டத்தின் மாதாந்திர நிகழ்ச்சி என்று கடிதம் கொடுத்தால் பெரும்பாலும் ஓர் அறை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் பள்ளிக்கூட வகுப்பறை, யாராவது வீட்டு மாடி. இடத்தைப் பார்க்கப் போகும்போது கழிவறையைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் அடுத்த மாதமும் வருவார்களா என்பது அதில் இருக்கிறது. பிறகு ஃபேனைப் போட்டுப் பாருங்கள். கடகடவென்று சத்தம் போடும் ஃபேனுக்குக் கீழே கதை வாசிக்க முடியாது. மைக் வேண்டவே வேண்டாம். மைக் கைக்கு வந்ததும் குரல் மாறுகிறது, குரலோடு தமிழும் மாறி மேடைத் தமிழாகிவிடுகிறது. நாற்காலிகளை வரிசையாகப் போடாமல் ஒரு மேசையைச் சுற்றிப் போடுங்கள்.

காசு வாங்குங்கள். ஜெராக்ஸ், டீ, மத்தியானம் ஆளுக்கொரு பொட்டலம் லெமன் சாதம், எல்லாம் சேர்த்து நாங்கள் 150 ரூபாய் வாங்குகிறோம். முடியாதவர்களிடம் வாங்குவதில்லை, அது இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். சாப்பாட்டை வீட்டிலிருந்து பெண்கள் செய்து கொண்டுவரட்டும் என்று மட்டும் ஏற்பாடு செய்துவிடாதீர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து எட்டுப் பேருக்குப் புளியோதரை கிளறியவர், பதினோரு மணிக்கு அடுத்தவர் கதையை எந்தக் கண்ணால் படிப்பார்? கடலை மிட்டாய் இல்லாமல் கோவில்பட்டியில் எந்தக் கூட்டமும் நடக்காது. அதை மூன்றரை மணி டீக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கிற சத்தத்தில் வாசிப்பு கேட்காது.

தாள் வேலை

வரைவு ஒரு வாரத்துக்கு முன்பே எல்லோர் கைக்கும் போய்விட வேண்டும். போனில் படித்தால் போதாது, தாளில் வேண்டும். எழுத்து அளவு 14, வரிக்கு வரி நல்ல இடைவெளி, வலப்பக்கம் மூன்று விரல் அகலத்துக்கு ஓரம், ஒரு பக்க அச்சு. பக்க எண் போடச் சொல்லுங்கள். பக்க எண் இல்லாத வரைவைப் பற்றிப் பேசும்போது "அந்த, நடுவுல வருமே" என்று தேடுவதிலேயே நேரம் போகும். யூனிகோடில் அடித்து பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் திறக்கும்போது எழுத்துக்குப் பதில் வேறு என்னவோ வந்து நிற்கும். குரல்வழியாகத் தட்டச்சு செய்கிறவர்களிடம், புள்ளியும் மேற்கோளும் தானாக வராது, போட்டு அனுப்புங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கையெழுத்துப் பிரதியையும் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களிடம் ஓர் அக்கா பென்சிலில்தான் எழுதுவார், மாணவி அடித்துக் கொடுக்கிறாள். அவளுக்கு அது நல்ல பயிற்சி. ஒரு கதையைச் சொல் சொல்லாக அடிக்கும்போது, எந்த வாக்கியம் வீண் என்று கைவிரலுக்கே தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் குழு இருக்கட்டும். வரைவு அனுப்ப, தேதி சொல்ல, அவ்வளவுதான். காலை வணக்கம் படம் ஒன்று வந்தாலும் கண்டியுங்கள். ஒன்றை விட்டால் மாதக் கடைசியில் வரைவு எங்கே இருக்கிறது என்று ரோஜாப்பூக்களுக்கு நடுவில் தேட வேண்டியிருக்கும்.

காலையில் ஒரு பழைய கதை

வந்ததும் நேராக வரைவுக்குப் போகாதீர்கள். முதல் முக்கால் மணி நேரம் ஏற்கெனவே அச்சான, நல்ல கதை ஒன்றைச் சேர்ந்து படியுங்கள். பிரதி எடுத்துக் கொடுப்பதில் உரிமைச் சிக்கல் வராமல் இருக்க எளிய வழி உண்டு. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் முடிந்தால் பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. கு.ப. ராஜகோபாலன் 1944-இலும் புதுமைப்பித்தன் 1948-இலும் மறைந்தவர்கள், தாராளமாக எடுக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களும் அப்படியே. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டத்திலும் நிறையக் கிடைக்கின்றன.

படித்து முடித்ததும் "இந்தக் கதை என்ன சொல்ல வருகிறது?" என்று யாரையும் கேட்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடம் அதைத்தான் கேட்டார்கள், போதும். வேறு மாதிரிக் கேளுங்கள். முதல் பத்தி முடியும்போது நாம் எங்கே நிற்கிறோம், யார் கண் வழியாகப் பார்க்கிறோம்? எந்த இடத்தில் காலம் தாவுகிறது, அந்தத் தாவலை எந்தச் சொல் செய்கிறது? பாத்திரம் வருத்தப்பட்டது என்று ஆசிரியர் நேராகச் சொன்ன இடங்கள் எத்தனை? கு.ப.ரா. கதை எடுத்த நாட்களில், பேச்சு பாதியில் நின்றுபோகும் இடங்களில் கோடு போடச் சொல்வேன். அடுத்து யார் என்ன செய்கிறார் என்று பார்த்தால், சொல்லாமல் விட்டது என்ன என்று தானாகத் தெரியும்.

இன்னொரு வேலையும் வைத்திருக்கிறோம். சென்னையில் இலக்கியச் சிந்தனை அமைப்பு 1970 முதல் ஒரு வழக்கம் வைத்திருந்தது. அந்தந்த மாதம் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து, சிறந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். அதைச் சின்ன அளவில் அப்படியே எடுத்துக்கொண்டோம். மாதம் ஒருவர், நூலகத்துக்கு வரும் இதழ்களில் உள்ள எல்லாக் கதைகளையும் படித்துவிட்டு ஒன்றைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவார். இருபது கதையை மொத்தமாகப் படிக்கிறவருக்கு, எல்லோரும் எழுதித் தீர்த்த விஷயங்கள் எவை என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடும். முதியோர் இல்லக் கதை எழுதும் ஆசை எங்கள் குழுவில் அப்படித்தான் குறைந்தது.

அப்புறம் இருபது நிமிடம் கையால் எழுதும் பயிற்சி. தலைப்பு கொடுத்து எழுதச் சொன்னால் கட்டுரைதான் வரும், கட்டுப்பாடு கொடுங்கள். நிச்சயம் நின்றுபோன செய்தியை ஓர் அம்மா தன் நாத்தனாரிடம் போனில் சொல்கிறார், 'நிச்சயம்', 'கல்யாணம்', 'மாப்பிள்ளை' மூன்று சொல்லும் வரக் கூடாது. அல்லது, பழைய பஸ் நிலையத்தை அதிகாலை நாலரைக்குக் காதால் மட்டும் எழுது. ஏஐ செயலியிடம் கேட்டு வாங்கிய கதையோடு வருகிறவர்களையும் இந்த இருபது நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும். யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, தாளும் பேனாவும் போதும்.

மேசையில் வரைவு

இங்கேதான் பட்டறை நடக்கிறது. எழுதியவர் தன் கதையைத் தானே வாசிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாசிக்கட்டும். எழுதியவர் வாசித்தால் தாளில் இல்லாத அழுகையையும் சிரிப்பையும் குரலால் சேர்த்துவிடுவார். அடுத்தவர் வாசிக்கும்போது எங்கே மூச்சு முட்டுகிறது, எந்த வாக்கியத்தைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது, எந்தப் பேச்சை யார் பேசுகிறார் என்று குழம்புகிறார் என்பது எல்லாம் வெளியே வரும். எழுதியவர் கையில் பென்சிலோடு, தடுக்கிய இடத்தில் எல்லாம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

வாசித்து முடித்ததும் யாரும் உடனே பேசக் கூடாது. ஐந்து நிமிடம் ஆளுக்கொரு துண்டுத்தாளில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: எங்கே நின்றேன், எதைக் கண்ணால் பார்த்தேன், எது தெரியாமல் தவித்தேன். பிறகு வயதில் சின்னவர் முதலில் பேச வேண்டும், மூத்தவர் கடைசி. நம் ஊரில் இது ரொம்ப முக்கியம். தலைமையாசிரியர் சார் முதலில் "அருமையான நடை" என்று சொல்லிவிட்டால், பத்தொன்பது வயது மாணவி அதற்குப் பிறகு "எனக்குப் புரியல சார்" என்று சொல்லவே மாட்டாள். சாரின் கதை மேசைக்கு வரும் நாளில் இன்னும் கஷ்டம். அதனால் "நீங்க இப்படி எழுதியிருக்கீங்க" என்று பேசுவதை நிறுத்தி, "கதையில இந்த எடத்துல" என்று பேசப் பழக்குங்கள். சார் சாராகவே இருக்கட்டும், அண்ணாச்சி அண்ணாச்சியாகவே இருக்கட்டும். பேச்சு தாளைப் பற்றியதாக இருந்தால் மரியாதைக்கும் குறைவு வராது, உண்மைக்கும் குறைவு வராது.

"சூப்பர்", "நல்லா இருக்கு" இரண்டுக்கும் தடை. "நானா இருந்தா எப்படி எழுதியிருப்பேன்னா" என்பதற்கும் தடை. அது அவர் கதை.

இதெல்லாம் நடக்கும் வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. இந்த வழக்கத்தை அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கிய எழுத்தாளர் பட்டறையோடு சேர்த்துச் சொல்வார்கள். (1973-இல் எழுத்தாளர் அசோகமித்திரன் போனதும் அயோவாவுக்குத்தான், ஆனால் அது 1967-இல் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் திட்டம். பல நாட்டு எழுத்தாளர்கள் சில மாதம் தங்கி எழுதுவதற்கான ஏற்பாடு, வகுப்பு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு.) மௌன விதி அந்த ஊரிலேயே இப்போது கேள்விக்குள்ளாகியிருக்கிறது. எழுதியவரின் ஊரும் பழக்கமும் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து பேச, அவர் மட்டும் சும்மா இருக்க வேண்டும் என்பது என்ன நியாயம் என்று கேட்கிறார்கள். கேள்வி சரிதான். ஆனால் நம்மிடம் வியாதி வேறு. வாயைத் திறக்க விட்டால் "இது உண்மையிலேயே நடந்தது, எங்க சித்தி வீட்ல" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் சித்தப்பா கதை ஓடும். நடந்தது என்பது கதைக்குச் சாட்சி ஆகாது. நாங்கள் நடுவழி ஒன்று வைத்திருக்கிறோம். எழுதியவர் தொடக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதி மேசையில் வைக்கலாம். "மகள் திரும்பி வந்தது நம்புற மாதிரி இருக்கா?" என்பது போல. மற்றவர்கள் பேசி முடித்ததும் அவருக்குப் பத்து நிமிடம். அதில் விளக்கம் சொல்லக் கூடாது, கேள்வி கேட்கலாம்.

ஒரு வரைவு எப்படி மாறியது என்று காட்டுகிறேன். எழுதியவரிடம் கேட்டுக்கொண்டுதான் போடுகிறேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"வறுமையின் கோரப்பிடியில் சிக்கித் தவித்த மாரியம்மாள், வாழ்க்கை என்னும் போராட்டத்தில் தன் இரு குழந்தைகளையும் எப்படியேனும் கரைசேர்க்கத் துடித்தவளாய், நியாயவிலைக் கடை வரிசையில் கண்கள் கலங்க நின்றுகொண்டிருந்தாள்."

கேட்கீப்பர் அண்ணன்தான் வாசித்தார். ஓர் இடத்திலும் தடுக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. துண்டுத்தாள்களைப் பார்த்தால், முதல் பக்கத்தில் எதையாவது கண்ணால் பார்த்ததாக ஒருவரும் எழுதவில்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. "கைரேகை விழவில்லை. நாளை வரச் சொன்னார்கள்." எல்லாத் தாளிலும் அந்த வரி இருந்தது. ஏன் விழவில்லை என்றுதான் அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். எழுதியவருடைய முறை வந்ததும், "குச்சி அடுக்கி, பெட்டி ஒட்டிப் பழகின கைல்லாக்கா, ரேகை எங்க இருக்கும்" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் தம்பி உடனே, "அத எழுதவே இல்லையேக்கா" என்றான். அவருக்கு அது எழுத வேண்டிய விஷயமாகத் தோன்றவே இல்லை. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாததைச் சொல்வதாக நினைத்து வறுமையின் கோரப்பிடியை எழுதியிருக்கிறார்.

இரண்டாம் வரைவு:

"'அழுத்தி வைங்கக்கா.'

மாரியம்மாள் விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். மெஷின் எடுக்கவில்லை.

'அடுத்த விரல்.'

பத்து விரலும் முடிந்தது. பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள்.

'பெட்டி ஒட்டுற கையா?'

'ஆமா.'

'ராத்திரி தேங்காண்ணெய் தேச்சுட்டுப் படு. எனக்கு விழுந்துச்சு.'"

தலைமையாசிரியர் சார் 'மெஷின்' பிடிக்கவில்லை என்றார். பேச்சில் வந்தால் சரி, ஆசிரியர் கூற்றில் 'கருவி' என்று இருக்கலாமே என்றார். கொஞ்ச நேரம் அது ஓடியது. மாரியம்மாளின் தோளுக்குப் பின்னால் நின்றுதான் கதை பார்க்கிறது, அவள் கண்ணில் அது மெஷின்தான் என்று மாணவி சொன்னாள். மெஷின் நின்றது. எனக்குப் பிடித்தது அந்தப் பின்னால் நின்றவள். முதல் வரைவில் அவள் இல்லை. வரிசையில் வேறு ஆட்களும் இருப்பார்களே, அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யாரோ கேட்ட கேள்வியில் பிறந்தவள்.

கதை அதோடு சரியாகிவிடவில்லை. கடைசிப் பத்தியில் "உழைத்துத் தேய்ந்த கரங்களுக்கு இந்தச் சமூகம் தந்த பரிசு இதுதானோ?" என்று ஒரு வரி உட்கார்ந்திருந்தது. இந்த நோய் எங்கள் குழுவில் எல்லோருக்கும் உண்டு. அதற்கு நாங்கள் செய்கிற வைத்தியம், கடைசிப் பத்தியைப் பின்பக்கமாக மடித்துவிட்டுக் கதையை மறுபடி வாசிப்பது. மடித்த பிறகு கதை முடிந்ததாகத் தோன்றினால், மடித்தது மடித்தபடியே இருக்கட்டும். அவர் இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டுத்தான் விட்டுக்கொடுத்தார்.

மேசைக்கு வந்த வரைவு அடுத்த முறை திருத்தத்தோடு திரும்பி வர வேண்டும். திருத்திய வரைவுக்கு முழு மணி நேரம் வேண்டாம், இருபது நிமிடம் போதும். முகப்பில், எதை மாற்றினேன் என்று ஒரே வரி. புதுக் கதை கொண்டுவர எல்லோருக்கும் ஆசை இருக்கும், பழையதைத் தொடச் சோம்பல் இருக்கும். திருத்தாமல் புதிதோடு வருகிறவருக்கு நாங்கள் முறை கொடுப்பதில்லை. அதே சமயம், சொன்னதை எல்லாம் கேட்டுத் திருத்தியவர் கதையும் கெட்டுப்போகும். எல்லோரும் ஒரு கை போட்ட குழம்பு மாதிரி ஆகிவிடும். நான் சொல்லும் வழி இது. மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால் அந்த இடத்தில் கோளாறு நிச்சயம் உண்டு. ஆனால் அந்த மூன்று பேரும் சொன்ன மருந்து பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். மருந்தை எழுதியவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எழுத்துப்பிழையை மேசையில் பேசாதீர்கள். எனக்கு ஒற்று விட்ட இடத்தைப் பார்த்தால் கை நமநமக்கும், இருந்தாலும் பேசமாட்டேன். தாளில் குறித்து, டீ நேரத்தில் கையில் கொடுத்துவிடுவேன். 'அவனைப் பார்த்தாள்' என்பதில் ப் விட்டுப்போனதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அவள் ஏன் பார்த்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சிற்றூரில் நடத்தும்போது

பெருநகரத்தில் இல்லாத ஒரு தொந்தரவு நமக்கு உண்டு. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மாமியாரைப் பற்றிக் கதை எழுதினால் அந்த மாமியார் யாரென்று மேசையில் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். அறையில் படித்தது அறையோடு. கதையில் 'நான்' என்று வந்தாலும் அந்த நானை எழுதியவரோடு சேர்த்துப் பேசக் கூடாது. "அப்போ உங்க வீட்டுக்காரர் அப்படியா?" என்று ஒரே ஒரு தடவை யாராவது கேட்டுவிட்டால், அந்தப் பெண் அடுத்த மாதம் தோட்டத்துப் பூவைப் பற்றி எழுதிக்கொண்டு வருவார். அதை மீறினவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும் உடனே, எல்லோர் முன்னாலும் நிறுத்துங்கள்.

சாதியும் அப்படியே. தெருப் பெயர், கோயில் பெயர் போட்டால் யார் கதை என்று ஊருக்கே தெரியும். பெயரையும் இடத்தையும் மாற்றச் சொல்லலாம், கதையையே மாற்றச் சொல்லாதீர்கள். "இதெல்லாம் இப்ப யாரு பாக்குறா" என்று மேசையில் ஒருவர் சொன்னால், அது விமர்சனம் ஆகாது. எந்த வரி நம்பும்படி இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் அடுத்தவருக்குப் போங்கள்.

நடத்துகிறவர் வேலை கடிகாரம் பார்ப்பது, பேசாதவரைக் கேட்பது, நிறையப் பேசுகிறவரை நிறுத்துவது. தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும், அதையும் சுருக்கமாக. நடத்துகிறவரின் கதையும் முறைப்படி மேசைக்கு வர வேண்டும். வராவிட்டால் அவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ப்புச் சொல்கிறவராக மாறிவிடுவார்.

ஆன்லைனில் நடத்தலாமா என்று கேட்கிறார்கள். கொரோனா காலத்தில் கூகுள் மீட்டில் நடத்தினோம், நடந்தது. வெளியூர் போய்விட்டவர்களுக்கு வசதி. ஆனால் வாசிப்பவர் தடுக்கினது கதையாலா நெட்வொர்க்காலா என்று தெரியாது.

எழுத்தாளரைக் கூப்பிடவே கூடாதா என்றால், கூப்பிடலாம், வருடத்துக்கு ஒருமுறை. மூன்று வரைவை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், படித்துவிட்டு வர ஒப்புக்கொண்டால் மட்டும் தேதி வையுங்கள். எல்லோரையும் போல மேசையில் உட்கார வேண்டும், துண்டுத்தாள் எழுத வேண்டும். பயணச் செலவும், உங்களால் முடிந்த ஒரு தொகையும் கவரில் போட்டு வந்தவுடனே கொடுத்துவிடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் காசை அதில் சேர்த்துக்கொள்ளலாம். இப்படிக் கூப்பிட்டால் வரமாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மேடையில் பேசிப் பேசி அலுத்தவர்கள் இதற்கு ஆசையாகவே வருகிறார்கள்.

பத்திரிகைக்கு அனுப்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேசைக்கு இரண்டு முறை வந்து போன கதையை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு பத்திரிகைக்கு அனுப்பக் கூடாது. அவர்கள் கேட்கும் சொல் அளவுக்குள் இருக்க வேண்டும். எந்தத் தேதியில் எங்கே அனுப்பினோம் என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வராது. அடுத்த கதையை எழுத ஆரம்பித்துவிட வேண்டும்.

ஒரு வருடம் ஓடியதும் யாராவது ஒருவர், "எல்லார் கதையும் போட்டு ஒரு தொகுப்பு கொண்டுவருவோமே" என்பார். அது வரை ஒழுங்காக நடந்த குழு அங்கேதான் தடுமாறும். தொகுப்பு என்றதும் எல்லோருக்கும் ஒரு கதை இடம்பெற வேண்டும் என்று ஆகும். பிறகு வெளியீட்டு விழா, விழா என்றதும் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, ஃபிளெக்ஸ். என்னைக் கேட்டால் மூன்றாம் வரைவைத் தாண்டிய கதை பத்தாவது சேரும் வரை அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். அப்படிச் சேர்ந்துவிட்டால் சொல்லுங்கள், மெய்ப்பு நான் பார்த்துத் தருகிறேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குவேன்.